சேதராப்பட்டு சாலையில் பிறந்த பெட்டிகள்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போக இரண்டு வழி உண்டு. கிளியனூர் வழியாக நேரே போவது ஒன்று. மயிலம் போய், அங்கிருந்து சேதராப்பட்டு வழியாக இறங்குவது இன்னொன்று. அவசரமாகப் போகிறவர்கள் முதல் வழியில் போவார்கள். பழைய கம்ப்யூட்டர்களின் மேல் ஆசை வைத்தவர்கள் ஒருமுறையாவது இரண்டாவது வழியில் போய்ப் பார்க்க வேண்டும். நம் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் டிடிபி கடைகளிலும் தட்டித் தேய்ந்த பெட்டிகளில் எத்தனையோ இந்தச் சாலையோரத்தில் பூட்டப்பட்டு, லாரி ஏறி, நாடெங்கும் போனவை.

நான் அந்தப் பக்கம் போனதற்குக் காரணம் தொழிற்சாலை அல்ல, ஒரு 486 கம்ப்யூட்டர். திண்டிவனம் நேரு வீதியை ஒட்டிய சந்தில் முன்பு தட்டச்சுப் பயிலகம் நடத்தி, 1990களில் அதையே டிடிபி சென்டராக மாற்றி, பிறகு அதையும் மூடிவிட்ட ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் வீட்டுப் பரணில் அந்தப் பெட்டியும் ஒரு டப்பா நிறைய ஃப்ளாப்பிகளும் கிடந்தன. ஃப்ளாப்பிகளில் இருப்பது தெருக்கூத்துப் பிரசங்கங்கள், அதாவது கூத்துப் பிரதிகள். செஞ்சிப் பக்கத்து வாத்தியார் ஒருவர் தம் கையெழுத்து நோட்டுகளைக் கொடுத்துப் புத்தகமாகப் போடச் சொல்லியிருக்கிறார். தட்டச்சு முடிந்தது, அச்சுக்குப் பணம் சேரவில்லை. வாத்தியார் காலமாகிவிட்டார். நோட்டுகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சமிருப்பது அந்த ஃப்ளாப்பிகள்தான்.

எழும்பூரிலிருந்து வரும் ரயில் மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம், ஒலக்கூர் தாண்டித் திண்டிவனத்தில் நின்றது. பிளாட்பாரத்தில் வேகவைத்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தார்கள். டி.எம்.வி. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்கள் எல்லாம் இந்த ஊர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பிள்ளைகள். அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பவை. ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு நடந்தேன்.

அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். "வா தம்பி. இதைக் காயலான் கடைக்குப் போடச் சொல்லி வீட்ல நச்சரிக்கிறாங்க. கிலோ கணக்குல எடுத்துக்கறானாம். நான்தான் கொடுக்கல" என்றார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மழையில் இவர் வீட்டுத் தரைத்தளத்துக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. தரையில் வைத்திருந்த பிரிண்டர் போனது. பரணில் இருந்ததால் பெட்டி பிழைத்தது.

கூடத்தில் பாய் விரித்து, பெட்டியின் மூடியைக் கழற்றினேன். எதிர்பார்த்தது அப்படியே இருந்தது. மதர்போர்டின் ஓரத்தில் நீல நிறத்தில் உருளையாக ஒரு பேட்டரி. கடிகாரத்தையும் பயாஸ் விவரங்களையும் நினைவில் வைத்திருப்பதற்காகப் பொருத்தப்பட்ட 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி அது. 286, 386, 486 காலத்து போர்டுகளின் எமன் இதுதான். சார்ஜ் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் உள்ளிருக்கும் காரம் கசிந்து வெளியே வரும். செம்புத் தடங்களின் மேல் பச்சை பூத்து, போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போய் அரிக்கும். இந்த போர்டில் அது கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பின் காலடி வரைக்கும் வந்திருந்தது. இன்னும் இரண்டு மழைக்காலம் போயிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

முதலில் பேட்டரியை வெட்டி எடுத்தேன். கசிந்தது காரம் என்பதால் அதை அமிலத்தால் சமன்செய்ய வேண்டும். வெளிநாடுகளில் இந்த வேலையில் இருப்பவர்கள் வினிகர் பயன்படுத்துவார்கள். அண்ணி சமையலறையிலிருந்து எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார். சாற்றைப் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்ததும் பச்சை நுரைத்துக் கிளம்பியது. கழுவுவதற்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற வைத்திருந்த டிஸ்டில்ட் வாட்டர். ஈரம் போக, எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கிய ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பிறகு மல்டிமீட்டரை பீப் சத்தத்துக்குத் திருப்பி ஒவ்வொரு தடமாகத் தொட்டுப் பார்த்தேன். கீபோர்டு சாக்கெட்டுக்குப் போகும் தடம் ஒன்று மட்டும் அறுந்திருந்தது. ஒயரிலிருந்து ஒற்றை இழை செம்பைப் பிரித்தெடுத்து, இந்தப் பக்கம் ஒரு புள்ளி அந்தப் பக்கம் ஒரு புள்ளி ஈயம் வைத்ததும் பீப் வந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து அந்த இழையைப் பார்த்தார்.

மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்தபோதுதான் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. இரண்டு பெரிய கெபாசிட்டர்களின் தலைகளும் உப்பியிருந்தன. நம் வீட்டு 230 வோல்ட் மாறுமின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாகும்போது 320 வோல்ட்டைத் தாண்டும். அதை ஆளுக்குப் பாதியாகத் தாங்கி நிற்பவை அந்த இரண்டும். இந்த நிலையில் பிளக்கைச் சொருகினால் வெடிக்கும். பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கியதும் "ஓடுதா பார்ப்போம்" என்று சுவிட்சைப் போடுவதுதான் பல பெட்டிகளைக் கொன்றிருக்கிறது. திண்டிவனத்தில் அந்த அளவு கெபாசிட்டர் கிடைக்கவில்லை. விழுப்புரத்தில் ஒரு டிவி மெக்கானிக்கிடம் இருக்கும் என்றார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பையில் போட்டுக்கொண்டு, சுற்று வழியாக இருந்தாலும் பரவாயில்லை என்று மயிலம் பஸ் ஏறினேன்.

மயிலம் மலை முருகன் கோயிலைக் கடந்ததும் சாலை தாழ்ந்து சவுக்குத் தோப்புகளுக்கும் செம்மண் மேட்டுக்கும் நடுவே போகிறது. திருவக்கரை கல்மரப் பூங்கா இந்தப் பக்கம்தான். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரங்கள் கல்லாகிக் கிடக்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், முப்பது ஆண்டுகளுக்கு முந்திய கம்ப்யூட்டரைக் காப்பாற்ற நாம் இத்தனை பாடுபட வேண்டியிருக்கிறது.

புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் சேதராப்பட்டு தொழிற்பேட்டை. எச்.சி.எல். நிறுவனத்தின் கம்ப்யூட்டர் தொழிற்சாலை இங்கே இருந்தது. விப்ரோவும் புதுச்சேரியில்தான் கம்ப்யூட்டர் தயாரித்தது. காரணம் எளிமையானது: யூனியன் பிரதேசத்தில் அப்போது விற்பனை வரி குறைவு. உதிரி பாகங்கள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கும், இங்கே வந்து பூட்டப்பட்டு, பெட்டியாக நாடெங்கும் போகும். எச்.சி.எல்லைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் திருச்செந்தூர்ச் சீமையில் பிறந்த சிவ் நாடார், ஆண்டு 1976. அதற்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த வெற்றிடத்தில்தான் இந்தியக் கம்பெனிகள் வேர்விட்டன. 1984இல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. வீட்டுக்கு ஒரு பெட்டி என்ற கனவு நடுத்தர வர்க்கத்துக்கு எட்டத் தொடங்கியது.

எச்.சி.எல்லின் 'பீன்ஸ்டாக்' வாங்கிய வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனை! தவணை கட்டி வாங்கி, மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்திருப்பார்கள். அந்தப் பெட்டிகளின் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் புதுச்சேரி முகவரி இருக்கும். 2013இல் விப்ரோ தன் பெயரில் கம்ப்யூட்டர் செய்வதை நிறுத்தியது. எச்.சி.எல்லும் அந்தக் காலத்திலேயே அத்தொழிலிலிருந்து விலகிக்கொண்டது. சாலையோரத் தேநீர்க் கடையில் நின்று தொழிற்பேட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே வரிசையாக உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கிய சுற்றுவட்டாரப் பிள்ளைகள் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். ஒரு போர்டை எப்படிக் கையில் பிடிக்க வேண்டும், எந்த ஒயர் எதில் போகும் என்று தெரிந்த கைகள். அந்தக் கைகள் இந்த வட்டாரத்தில் இருக்கும்போதே பழைய பெட்டிகளையும் இந்த வட்டாரத்திலேயே பழுதுபார்த்து நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

இதற்கும் முந்திய கதை ஒன்று ஆரோவில்லில் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், குயிலாப்பாளையத்தை ஒட்டி, 1980களில் 'ஆரெலெக்' என்ற பெயரில் பெர்சனல் கம்ப்யூட்டர் தயாரித்தார்கள். 1968இல் வெறும் செம்மண் பொட்டலாக இருந்த இடம். மரம் நட்டு, வரப்புக் கட்டி மழைநீரைத் தேக்கி, அந்த நிழலில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் செய்திருக்கிறார்கள். ஆரெலெக் என்ற பெயர் அந்த வளாகத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் அங்கே செய்த ஒரு பெட்டியாவது ஓடும் நிலையில் கண்ணாடிக்குள் வைக்கப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பிரிட்டனில் பிளெட்ச்லி பார்க் வளாகத்தில் தேசியக் கம்ப்யூட்டர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் ஹார்வெல் டெகட்ரானை எழுப்பி ஓட விட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். நம் பள்ளிகளுக்கு 1984-85இல் 'கிளாஸ்' திட்டத்தில் வந்த பி.பி.சி. மைக்ரோ கம்ப்யூட்டர்கள் எங்கே போயின என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. 32 கிலோபைட் நினைவகத்தோடு ஒரு தலைமுறைக்கு 'பேசிக்' மொழியைக் கற்றுக்கொடுத்த பெட்டி அது. பழைய இரும்புக்கடைத் தராசில்தான் பெரும்பாலானவற்றின் ஆயுள் முடிந்திருக்கும்.

விழுப்புரத்தில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. பெரிய ஜங்ஷன் ஊர்களுக்கு ஒரு குணம் உண்டு: பழுதுபார்ப்பவர்கள் கூட்டமாக இருப்பார்கள். காட்பாடிக்கும் புதுச்சேரிக்கும் மயிலாடுதுறைக்கும் திருச்சிக்கும் பாதை பிரிகிற ஊர் என்பதால் எல்லாத் திசையிலிருந்தும் கெட்டுப்போன சாமான்கள் இங்கே வந்து சேர்கின்றன. தாம்பரத்திலிருந்து இவ்வூர் வரைக்கும் மீட்டர்கேஜ் பாதையிலேயே 1960களில் மின்சார ரயில் ஓடியது. இந்தியாவில் வேறெங்கும் அப்படி நீண்ட மீட்டர்கேஜ் மின்பாதை இருந்ததில்லை. பாதை அகலமானதும் அந்த இன்ஜின்கள் பழைய இரும்பாயின. நான் வேறு காரியமாக வந்திருந்தாலும் ஸ்டேஷனைப் பார்க்கும்போது அந்த நினைப்பு வந்தது.

நேருஜி சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் மெக்கானிக்கின் கடை. எல்.இ.டி. டிவிகளுக்கு நடுவே பழைய பிக்சர் டியூப் டிவி ஒன்றும் சுவரோரம் நின்றது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மேஜையில் வைத்ததும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இன்னா சார், எந்தக் காலத்துது இது? ரெண்டும் உப்பிப் போயிருக்கு பாருங்க. நல்லவேளை கரன்ட் குடுக்கல நீங்க." ஒரு பிஸ்கட் டின்னைக் கொட்டித் துழாவி, 200 வோல்ட் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களில் ஜோடி தேடி எடுத்தார். பிறகு அவர் செய்ததை இந்த வேலையில் இறங்குகிற எல்லாரும் பார்க்க வேண்டும். பலகையில் பொருத்திய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் இணைத்து, அதன் வழியாக மின்சாரம் கொடுத்தார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பெட்டிக்குச் சேதம் வராது. எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கிவிடும். மங்கியது. சிவப்பு ஒயரில் 5 வோல்ட், மஞ்சளில் 12 வோல்ட், மல்டிமீட்டரில் எண்கள் நின்றன. "சீரிஸ் பல்பு இல்லாம எதையும் தொடக் கூடாது சார். எங்க மாமா சொல்லிக் குடுத்தது" என்றார். வெளிநாட்டில் இதற்கு வேரியாக் என்ற விலையுயர்ந்த கருவி வைத்திருப்பார்கள். ஒரு பல்பையும் ஹோல்டரையும் வைத்து நம் டிவி மெக்கானிக்குகள் அதே பாதுகாப்பைப் பல காலமாகச் செய்து வருகிறார்கள். நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் இது இல்லை.

அவர் கடையின் பின்கட்டில் லேப்டாப்கள் அடுக்காக இருந்தன. மூடியில் அரசுச் சின்னம். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எல்காட் வழியாக வந்தவை. லட்சக்கணக்கான வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். பேட்டரி செத்து, ஹிஞ்ச் உடைந்து, இப்போது உதிரி பாகத்துக்காகப் பிரிக்கப்படுகின்றன. "ஒண்ணு ரெண்ட முழுசா எடுத்து வைங்கண்ணே" என்று கேட்டுக்கொண்டேன். இன்னும் இருபது ஆண்டு போனால் தமிழ்நாட்டின் சமூக வரலாற்றை எழுதுகிறவர்கள் அவற்றைத் தேடி அலைவார்கள்.

இரவு ரயிலில் விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் கடந்து மறுபடி திண்டிவனம். மறுநாள் காலை பெட்டியைப் பூட்டினோம். அந்தக் காலத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போர்டுக்கு இரண்டு கனெக்டர்கள் போகும். இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் ஒன்றையொன்று தொட்டு நிற்க வேண்டும். மாறிப் போனால் போர்டு கருகிவிடும். நான் சொல்வதற்கு முன்பே அண்ணன் சொன்னார்: "கறுப்பு கறுப்போட." சர்வீஸ் பையன் வந்து மாட்டும்போது பார்த்து மனசில் வைத்தது, இத்தனை காலம் மறக்கவில்லை. டி.வி.எஸ். கோல்டு கீபோர்டைத் தூசி தட்டிச் சொருகினோம். அதன் சொடக்குச் சத்தத்துக்காகவே தட்டச்சர்கள் அதை விடமாட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து சிலிண்டர், ஹெட், செக்டார் எண்களை பயாஸில் கையால் ஏற்றினேன். விண்டோஸ் 3.1 திரையில் வந்தது. அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேஜ்மேக்கரைத் திறந்து, பழைய தட்டச்சு முறையிலேயே தம் கடையின் பெயரை அடித்தார். விரல் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

இந்த வேலைகளை எல்லாம் புதிய லேப்டாப்பிலேயே செய்துவிட முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். முடியாததற்குக் காரணம் பெட்டியின் முதுகில் இருக்கிறது. பிரிண்டர் போர்ட்டில் தீப்பெட்டி அளவில் ஒரு சாமான் செருகியிருந்தது. அதுதான் ஹார்ட்வேர் லாக். அன்றைய இந்திய மொழி மென்பொருள்கள் பல இந்தப் பூட்டோடுதான் விற்கப்பட்டன. பூட்டு இல்லாவிட்டால் தமிழ் ஃபான்ட் இயங்காது. 25 பின் கொண்ட அந்த போர்ட் இப்போதைய லேப்டாப் எதிலும் கிடையாது. பேஜ்மேக்கரும் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோனது. ஆக, ஃப்ளாப்பியில் உள்ள கோப்பை அது பிறந்த பெட்டியிலேயே திறந்தால்தான் பக்கம் பக்கமாக அசல் வடிவத்தில் பார்க்க முடியும்.

எழுத்தின் குறியீடு அதைவிடப் பெரிய முடிச்சு. யூனிகோட் நம் கைக்கு வருவதற்கு முன் ஒவ்வொரு தமிழ் ஃபான்ட் நிறுவனமும் எழுத்துகளைத் தன் இஷ்டப்படி எண்களில் உட்கார வைத்திருந்தது. ஒரு ஃபான்ட்டில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் 'ழு' இருக்கும். கனடாவில் முனைவர் சீனிவாசன் 1984இல் செய்த ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் அடுத்த ஆண்டு தொடங்கிய முரசு, லோசானிலிருந்து கல்யாணசுந்தரம் தந்த மயிலை என்று ஆளுக்கொரு மூலையில் தமிழைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பாடுபட்ட காலம் அது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில்தான் பொதுவான விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் பேசி முடிவாயின. அதற்கு முன்பு சிற்றூர் டிடிபி கடைகளில் அடித்த கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், ஆசிரியர் சங்க இதழ், கவிதைத் தொகுப்பு, கூத்துப் பிரசங்கம் எல்லாம் தனித்தனிப் பூட்டுக்குள் கிடக்கின்றன. ஓலைச்சுவடியைக் காப்பாற்ற உ.வே.சா. ஊர் ஊராகப் போனார் என்று பெருமையோடு சொல்கிறோம். 1990களின் தமிழ் பரண்களில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்க இன்னும் யாரும் கிளம்பவில்லை.

பூஞ்சை என்று சொன்னது உண்மையாகவே பூஞ்சைதான். இது மரக்காணம் உப்பளக் காற்று அடிக்கும் பகுதி. ஃப்ளாப்பியின் தகட்டை நகர்த்திப் பார்த்தால் பழுப்பு வட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகள். அப்படியே டிரைவில் போட்டால் வட்டும் கீறும், டிரைவின் ஹெட்டும் கெடும். பஞ்சில் ஆல்கஹால் தொட்டு, வட்டை விரலால் மெல்லச் சுழற்றிச் சுழற்றித் துடைத்து, காய வைத்தோம். கூடத்தில் ஃபேனுக்குக் கீழே செய்தித்தாளின் மேல் வரிசையாக அவை கிடந்தன. லேப்டாப்போடு இணைக்க நான் கொண்டுபோயிருந்தது 'கிரீஸ்வீசல்' என்ற சின்ன போர்டு. ஃப்ளாப்பியில் பதிந்திருக்கும் காந்த மாற்றங்களை அப்படியே பதிவுசெய்து கொடுக்கும். டாஸ் படிக்க மறுக்கும் செக்டாரைக்கூடத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்து மீட்க முடியும்.

கூத்துகளில் கர்ண மோட்சம் முழுக்க வந்துவிட்டது. துகிலுரிதலில் இடையிடையே ஓட்டை. கோப்பில் கிடைத்த எழுத்தை யூனிகோடாக மாற்ற ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். பழைய ஃபான்ட்டில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று மூன்று எண்களாக நிற்கும். யூனிகோடிலோ ககரம் முதலில் வந்து உயிர்க்குறி பின்னால் வரும். அதனால் எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்பிப் போட வேண்டும். அண்ணன் 486 திரையில் அசல் பக்கத்தை வைத்துக்கொண்டு போனில் வாசிக்கிறார், ஊர் திரும்பிவிட்ட நான் இங்கே என் திரையில் ஒப்பிட்டுத் திருத்துகிறேன். கிரந்த எழுத்துகள் சிலவற்றுக்கு இன்னும் சரியான எண் அகப்படவில்லை.

வாத்தியாரின் மகனும் கூத்துக் கட்டுகிறவர். விடிய விடிய ஆடும்போது பக்கப்பாட்டுக்காரர் பார்த்துச் சொல்ல வசதியாக எழுத்தைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறார். பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து தொடங்கிவிடும். அதற்குள் கர்ண மோட்சம் அவர் கையில் இருக்க வேண்டும். பதினெட்டாம் போர் இருக்கிற ஃப்ளாப்பிகளில் ஒன்று மட்டும் என் டிரைவில் பிடி கொடுக்கவில்லை. எழுதிய டிரைவின் ஹெட் கொஞ்சம் விலகியிருந்தால் அப்படி ஆகும், அதே காலத்து வேறு டிரைவ்களில் போட்டுப் பார்க்க வேண்டும். விழுப்புரம் மெக்கானிக்கிடம் சொல்லி வைத்தேன். பின்கட்டில் இரண்டு கிடப்பதாக நேற்று போன் செய்தார்.